ஆறு பிரித்த பாகம்

‘உங்க ஊர் ஆற்றுக்குத் தென்கரையா, வடகரையா?’ என்று யாராவது கேட்டால் எனக்கு எரிச்சல் வந்துவிடும். நம்மோடு படித்தவர்கள் எல்லாரும் போன மாதம் பாளையங்கோட்டையில் கூடினோமே, அன்றைக்கும் ஒருத்தி கேட்டாள். நான் பதில் சொல்லாமல் வடையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டேன். பிறந்த ஊர் எந்தக் கரை என்றுகூடத் தெரியாமல் மறதி வந்துவிட்டது போலிருக்கிறது என்று அவள் நினைத்திருப்பாள். தெரியாமல் என்ன? நான் பிறந்தபோது எங்கள் வீடு வடகரையில் இருந்தது. ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோது அதே இடம் தென்கரையில் இருந்தது. இடம் நகரவில்லை, ஆறு நகர்ந்தது. இதை ஒரு வடை தின்று முடிப்பதற்குள் எப்படிச் சொல்வது? அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். படித்த பிறகு யாரும் என்னிடம் அதைக் கேட்காதீர்கள்.

எல்லாம் தாத்தா சொன்ன ஒரு வார்த்தையால் வந்தது. சேரன்மகாதேவிக்குக் கிழக்கே தாமிரபரணியின் இரண்டு கரையிலும் அவருக்கு நிலம் இருந்தது. சாகும் முன் மகன்கள் இருவரையும் கூப்பிட்டு, “ஆத்துக்கு வடக்க மூத்தவனுக்கு, தெக்க எளையவனுக்கு” என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். எல்லைக் கல் நட்டால் எவனாவது பிடுங்கி நகர்த்தி வைப்பான், ஆற்றை யார் நகர்த்த முடியும் என்று நினைத்தாராம். நல்ல யோசனைதான். ஆறு தானாக நகரும் என்பதை மட்டும் அவர் யோசிக்கவில்லை.

மூத்தவர் என் அப்பா. விவசாயம். இளையவர் சித்தப்பா. மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். இருவரும் கட்டியது அக்கா தங்கையை. அதனால் என் சித்தி எனக்கு இரண்டு வழியிலும் சித்தி. இரண்டு வீடும் ஆற்றைப் பார்த்து எதிரெதிரே இருந்தன. கோடையில் முழங்கால் தண்ணீரில் நடந்தே போய் வந்துவிடலாம். மற்ற நாட்களில் அம்மா இந்தக் கரையிலும் சித்தி அந்தக் கரையிலும் துணி துவைத்துக்கொண்டே கத்திப் பேசுவார்கள். பாதி வார்த்தை தண்ணீரோடு போய்விடும். “மாமா வந்தாகளா?” என்று அம்மா கேட்டால், “மாவு நேத்தே தீந்துபோச்சுக்கா” என்று சித்தி பதில் சொல்வாள். இரண்டு பேரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதே இல்லை.

ஆறு அந்த இடத்தில் தெற்கே வளைந்து ஓடியது. வளைவின் வெளிப்பக்கம் சித்தப்பாவின் கரை. தண்ணீர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. சத்தமே இல்லாத வேலை. மத்தியானம் எல்லாரும் அசந்து கிடக்கும்போது ‘தொபுக்’ என்று ஒரு மண்கட்டி விழும். கொஞ்ச நேரம் தண்ணீர் கலங்கி ஓடும். மறுபடி ‘தொபுக்’. அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் சித்தப்பா பம்புசெட்டைக் கழற்றி உள்ளே தள்ளி வைத்தார். கரையோரத் தென்னைகள் முதலில் சாய்ந்தன, பிறகு வேர் தெரிய நின்றன, பிறகு காணாமல் போயின. சித்தியின் துவைகல் ஒரு நாள் சாய்ந்து, மறுநாள் பாதி மூழ்கி, ஒரு வாரத்தில் மறைந்தது. நல்ல வழவழப்பான கருங்கல். அதன் மேல் ஈரத்துணியை அடித்தால் ஆறு முழுக்கக் கேட்கும்.

அங்கே போன மண் எங்கள் பக்கம் வந்து சேர்ந்தது. முதலில் வெறும் மணல். பிறகு நாணல் முளைத்தது. அதன் மேல் வண்டல் படிந்ததும் அப்பா வெள்ளரி போட்டார், அடுத்து வாழை வைத்தார். தண்ணீர் தள்ளிப் போய்விட்டதால் அம்மா துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு சுடுமணலில் குதிகாலைத் தூக்கித் தூக்கி நடக்க வேண்டியிருந்தது. ஆனால் அதெல்லாம் அப்பா கண்ணில் படவில்லை. வாழைக்குலை மட்டும் பட்டது.

ஒரு நாள் சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆற்றைத் தாண்டி வந்தார். “அண்ணே, அப்பா பாகம் பிரிச்சப்ப ஆறு எங்கன ஓடுச்சோ அதுதான் எல்லை. இந்த வாழை நிக்குத எடம் என் எடம்” என்றார்.

அப்பா சிரித்தார். “ஏலே, அப்பா கல்லையா சொன்னாரு? ஆத்தைத்தானல சொன்னாரு? ஆறு எங்க ஓடுதோ அங்கதான் எல்லை. ஒனக்கு வேணும்னா ஆத்துகிட்ட போய்ச் சொல்லு.”

அன்றோடு பேச்சு நின்றது. கோயிலில் இரண்டு குடும்பமும் எப்போதும் உட்காரும் ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்தோம், இடம் மாறினால் ஊர் பேசும் அல்லவா? அண்ணனும் தம்பியும் பெஞ்சின் இரண்டு ஓரத்திலும் இருந்தார்கள். நாங்கள் ஐயர் என்று கூப்பிடுகிற குருவானவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆபிரகாமும் லோத்தும் நிலத்துக்காகப் பிரிந்த கதையை எடுத்துக்கொண்டு, சகோதரரோடு ஒப்புரவாகாமல் காணிக்கை படைக்காதீர்கள் என்று நெஞ்சு உருகப் பிரசங்கம் செய்தார். வீட்டுக்கு வந்ததும் அப்பா, “இன்னைக்கு ஐயர் நல்லாக் குடுத்தாரு அவனுக்கு” என்றார். அக்கரையில் சித்தப்பாவும் இதையே சொன்னாராம். சித்தி பிறகு எங்களிடம் சொன்னாள்.

சித்தப்பா மீதி நிலத்தையாவது காப்பாற்ற வேண்டும் என்று பனந்தடிகளை வெட்டிக் கரையில் வரிசையாக இறக்கினார். அப்பா இந்தக் கரையில் நின்று அதைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேருடைய கண்ணும் முன்னால் ஓடும் ஆற்றின் மேலேயே இருந்தது. யார் கரை எவ்வளவு போனது, யார் கரை எவ்வளவு வளர்ந்தது என்பதுதான் காலையும் மாலையும் பேச்சு.

பின்னால் பார்த்தது அம்மா ஒருத்திதான். எங்கள் வீட்டுக்குப் பின்னால், வடக்கே, ஒரு பள்ளம் உண்டு. ஊருக்குள் போகிற பாதை அதைத் தாண்டித்தான் போகும். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மழை பெய்தால் அதில் தவளை கத்தும் அளவுக்குத் தண்ணீர் நிற்கும், தாண்டிக் குதித்துவிடலாம். பிறகு ஒரு பலகை போட்டார்கள். அடுத்து பலகை எட்டாமல் தென்னந்தடி போட்டார்கள். மழை ஓய்ந்து ஆறு வடிந்த பிறகும் அதில் கொஞ்ச நாள் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்.

அம்மா அப்பாவிடம் சொன்னாள். “இங்கேருங்க, பின்னால பள்ளம் ஆழமாகிட்டே போவுது. ஆத்துத் தண்ணி மேல வழியா உள்ள வருது. மாட்டுத் தொழுவத்த அங்கனருந்து மாத்துங்க.”

“அது மழைத் தண்ணிட்டி.”

“மழைத் தண்ணியில கெண்டை எங்கனருந்து வரும்? நேத்து இவ துண்டுபோட்டுப் பிடிச்சா.” என்னைக் காட்டினாள்.

அப்பா என்னைப் பார்த்தார். “நல்லாருந்துச்சா கொழம்பு?” என்றார். அதோடு பேச்சு முடிந்தது. இத்தனைக்கும் என் அப்பா மோசமான மனிதர் இல்லை. என்னை அடித்ததில்லை, அம்மாவைக் கடிந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. கேட்க மாட்டார், அவ்வளவுதான். சிரித்துக்கொண்டே கேட்க மாட்டார்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம் கார்த்திகை மழை விடாமல் பிடித்தது. மலையிலும் பெய்தது, இங்கேயும் பெய்தது, மேலே அணையும் திறந்தார்கள். ஆறு செங்கல் கரைத்த நிறத்தில் கரை தொட்டு ஓடியது. கிழங்கு பிடுங்கிய குழியில் வருமே ஒரு வாடை, அந்த வாடை வீட்டுக்குள் வந்துவிட்டது. அது ஞாயிற்றுக்கிழமை. கோயிலுக்குப் போக முடியாது என்று அம்மா வீட்டிலேயே ஜெபம் பண்ணி, எங்களுக்குக் காப்பி கொடுத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போனாள். அப்பா குடையைப் பிடித்துக்கொண்டு முன்வாசலில் நின்றார். சட்டென்று அவர் முகம் மலர்ந்தது.

“ஏளா, இங்க வந்து பாரு! தண்ணி வடியுது! வாழை அடிமரம் தெரியுது!”

நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். உண்மைதான். மழை ஊற்றிக்கொண்டிருந்தது, ஆறு மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கும் சந்தோஷமாக இருந்தது. பின்கட்டிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. கத்தவில்லை. அப்படி ஒரு குரலை அதற்கு முன் நான் கேட்டதே இல்லை.

“வடியலங்க. ஆறு இங்கன வந்துட்டு.”

பின்னால் பள்ளம் இல்லை. ஊருக்குப் போகிற பாதை இல்லை, தென்னந்தடிப் பாலம் இல்லை. ஒரு முழு ஆறு ஓடிக்கொண்டிருந்தது. வளைந்து வளைந்து போவது அலுத்துப்போய், குறுக்கே அறுத்துக்கொண்டு நேராகப் புறப்பட்டுவிட்டது. அம்மா தொழுவத்து மாடுகளை எப்போதோ அவிழ்த்துவிட்டிருந்தாள். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தொழுவம் போனது. அடுப்படிச் சுவர் வெடித்தது. சுவரோரத்தில் கிடந்த ஆட்டுரல் மெதுவாகத் திரும்பி, ஏதோ யோசிப்பது போல நின்று, பிறகு தண்ணீருக்குள் இறங்கிப் போனது. நான்கு பேர் சேர்ந்து தூக்கி வைத்த ஆட்டுரல் அது. அது போனதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பயம் வந்தது.

முன்னால் பழைய ஆறு, பின்னால் புது ஆறு, நடுவில் நாங்கள் மூன்று பேர். வடக்கே ஊர்க்காரர்கள் திரண்டு நின்று கத்தினார்கள். யாராலும் இறங்க முடியவில்லை. புது ஆறு வாசல் பக்கமாக அறுத்துக்கொண்டு வந்தது. அப்பா குடையை மடக்காமலே நின்றுகொண்டிருந்தார்.

மத்தியானத்துக்கு மேல் முன்னால் ஓடிய பழைய ஆறு நெஞ்சளவுக்கு இறங்கியது. அக்கரையில் சித்தி தெரிந்தாள். சேலையை வரிந்து கட்டி, கிணற்றுக் கயிற்றின் ஒரு நுனியைப் பனந்தடியில் முடிந்து, மறுநுனியை இடுப்பில் சுற்றிக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டாள். “ஏட்டி, எங்க போற! ஏட்டி!” என்று சித்தப்பா கரையில் குதித்தார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவரும் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கயிற்றைப் பிடித்தபடி பின்னாலேயே இறங்கினார். அவருக்கு நீச்சல் தெரியாது.

இரண்டு பேரும் எங்கள் பக்கம் ஏறி வந்து நின்றார்கள். அண்ணனும் தம்பியும் எதிரெதிரே நின்றது எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு. அப்பா வாயைத் திறந்தார்.

“ஒன் பனந்தடிதாம்லே இதுக்கெல்லாம் காரணம். தண்ணிய இந்தப் பக்கம் தள்ளிவிட்டுட்ட.”

சித்தப்பாவும் வாயைத் திறந்தார். அவர் பேசுவதற்குள் சித்தி, “அத்தான், பேச்ச விட்டுட்டு மொதல்ல கயித்தப் பிடிங்க” என்றாள். என் அப்பாவிடம் யாரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அவர் கயிற்றைப் பிடித்தார்.

என்னைச் சித்தப்பா தோளில் தூக்கிக்கொண்டார். தண்ணீர் அவர் கழுத்துவரை வந்து வந்து போனது. “கண்ண மூடிக்கம்மா, கண்ண மூடிக்க” என்று சொல்லிக்கொண்டே வந்தார். நீச்சல் தெரியாத ஒரு மனிதர், தன் நிலத்தை எடுத்துக்கொண்டவன் என்று கரித்துக்கொட்டிய அண்ணனின் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆற்றில் நடந்தார். அதை நான் மறக்கவில்லை. அக்கரை ஏறியதும் திரும்பிப் பார்த்தேன். எங்கள் வீட்டில் முன்வாசல் நிலை மட்டும் நின்றது. பொழுது சாய்வதற்குள் அதுவும் போய்விட்டது.

இத்தோடு இரண்டு பேருக்கும் புத்தி வந்திருக்கும் என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன், சின்னப் பிள்ளைதானே.

நாங்கள் சித்தப்பா வீட்டிலேயே தங்கினோம். பழைய ஆறு வறண்டு குட்டை குட்டையாக நின்றது. நானும் சித்தி மகளும் அதில் கெண்டையும் விராலுமாகக் கூடையில் அள்ளினோம். பிறகு அள்ள முடியாத மீனெல்லாம் செத்து நாறியது. அந்த நாற்றத்துக்கு நடுவே ஒரு நாள் காலை இட்லி தின்றுகொண்டிருக்கும்போது சித்தப்பா தொண்டையைக் கனைத்தார்.

“அண்ணே, ஆறு எங்க ஓடுதோ அங்கதான் எல்லைன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“ஆமா.”

“இப்ப ஆறு வடக்க ஓடுது. அப்ப ஒங்க வாழைத்தோட்டம், வீடு நின்ன எடம் எல்லாம் ஆத்துக்குத் தெக்க வந்துட்டே. தெக்க எல்லாம் எனக்குத்தானே?”

அப்பா இட்லியைத் தட்டில் வைத்தார். “அது எப்படிலே? அப்பா பாகம் பிரிச்சப்ப ஆறு எங்கன ஓடுச்சோ அதுதாம்லே எல்லை!”

ஒருவர் பேச்சை ஒருவர் அப்படியே, ஒரு எழுத்து பிசகாமல், எடுத்துக்கொண்டுவிட்டார்கள். அம்மாவும் சித்தியும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சித்தி சட்னிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். “வெறும் இட்லியத் தின்னுட்டுச் சண்ட போடட்டும்” என்றாள்.

ஒரு சர்வேயர் சங்கிலியோடு வந்தார். அவரை இந்தப் பக்கம் இவர் இழுத்தார், அந்தப் பக்கம் அவர் இழுத்தார். சேற்றில் செருப்பைத் தொலைத்துவிட்டு, “ஆறு ஒரு எடத்துல நிக்கட்டும் அண்ணாச்சி, அப்பொறம் சொல்லி அனுப்புங்க” என்று போனவர்தான்.

கடைசியில் பாளையங்கோட்டையில் எங்களுக்குத் தூரத்து உறவான ஒரு வக்கீலிடம் போனோம். கோர்ட்டுக்குப் போனால் பேரப்பிள்ளைகள் காலம்வரை இழுக்கும், முதலில் பேசிப் பார்க்கலாம் என்று சித்திதான் பிடிவாதமாகக் கூட்டிப் போனாள். எல்லாரும் ஒரே பஸ்ஸில் போனோம். வக்கீல் இரண்டு பேர் சொன்னதையும் கேட்டுவிட்டு, “ஆறு பைய நகந்தா எல்லையும் கூடவே நகரும். திடீர்னு தாவிட்டா எல்லை பழைய எடத்துலயே நிக்கும். பொதுவா அப்படித்தான் பாப்பாங்க” என்றார்.

அப்பாவுக்கு முகம் முழுக்கச் சிரிப்பு. கொஞ்சம் கொஞ்சமாக வந்த வாழைத்தோட்டமும் அவருக்கு, திடீரென்று வெட்டிக்கொண்டு போன வீட்டடியும் அவருக்கு.

சித்தப்பா எழுந்துவிட்டார். “இது என்னய்யா நியாயம்? எனக்குப் பைய போனாலும் போச்சு, சட்டுனு போனாலும் போச்சா?”

“இருங்க சார்” என்றார் வக்கீல். “வடக்க ஆறு வெட்டுனது திடீர்னுதானான்னு தெரியணுமே. அங்கனேயே குடியிருந்தது இவங்க. அம்மா, நீங்க சொல்லுங்க. அது திடீர்னு வந்துச்சா, பைய வந்துச்சா?”

“சொல்லு, சொல்லு” என்றார் அப்பா.

அம்மா சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். “திடீர்னு ஒண்ணும் வரலைய்யா. வருசா வருசம் வந்துச்சு. தாண்டிக் குதிச்ச பள்ளம், பலக போட்டோம், தடி போட்டோம், மீன் வந்துச்சு. நான் சொல்லிக்கிட்டேதான் இருந்தேன். திடீர்னு வந்துச்சுன்னு சொன்னா நான் சொன்னதெல்லாம் என்னத்துக்கு?”

ஒரே பதிலில் தன் வீட்டடியை அவள் மைத்துனருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாள் என்பது எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. அப்பாவுக்குப் புரிந்தது. அவர் அம்மாவைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. யாரோ தெரியாத ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தார். சித்தப்பாவாவது சந்தோஷப்பட்டிருக்கலாம். அவர் தலையைக் குனிந்துகொண்டார். கரை போகிறது, தென்னைக்குப் பதில் ஆழ வேர்விடுகிற மரமாக வையுங்கள் என்று சித்தி அவரிடம் சொல்லாத நாள் கிடையாதாம்.

வக்கீல் பேனாவை மூடினார். “பழைய ஆத்துக்கும் புது ஆத்துக்கும் நடுவுல கெடக்கத பூராவும் இந்த ரெண்டு அம்மா பேருலயும் எழுதிருவமா?”

“அவன் பேருல இல்லேன்னா சரி” என்றார் அப்பா.

“அவரு பேருல இல்லேன்னா எனக்கும் சரி” என்றார் சித்தப்பா.

அன்பினால் வந்த சம்மதம் என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். வரும் வழியில் பஸ்ஸில் இரண்டு பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து வெவ்வேறு பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார்கள். சித்தப்பா தன் நிலத்தின் ஒரு மூலையில் நாங்கள் வீடு கட்ட இடம் கொடுத்தார். கொடுத்ததை அவர் சாகும்வரை சொல்லிக் காட்டினார். அப்பா வாங்கிக்கொண்டதைச் சாகும்வரை ஒப்புக்கொள்ளவில்லை.

நான் ஆறாம் வகுப்புக்குச் சித்தப்பா பள்ளிக்கூடத்தில் சேர்ந்தேன். அவர்தான் பூகோளம். அந்த வருஷப் பாடத்தில் ஆறு வந்தது. கரும்பலகையில் அழகாக ஒரு வளைவு போட்டார். வெளிவளைவில் ஆறு அரிக்கும், உள்வளைவில் படியவைக்கும், வளைவு முற்றினால் குறுக்கே வெட்டிக்கொண்டு புது வழியில் ஓடும் என்று குரல் கொஞ்சமும் பிசகாமல் சொல்லிக்கொடுத்தார். வருஷா வருஷம் இதைத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்! வகுப்பு முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பரீட்சையில் அந்தக் கேள்விக்கு எனக்கு முழு மார்க் போட்டார்.

அம்மாவும் சித்தியும் அந்த நிலத்தில் நிலைத்து நிற்கிற எதையும் வைக்கவில்லை. உளுந்து விதைத்தார்கள், வெள்ளரி போட்டார்கள். தண்ணீர் வந்தால் தூக்கிக்கொண்டு வந்துவிடக்கூடிய குடிசை ஒன்று போட்டார்கள். சில வருஷம் விளைந்தது, சில வருஷம் ஆறு கொண்டுபோனது. கொண்டுபோன வருஷம் இரண்டு பேரும் கரையில் நின்று பார்த்துவிட்டு, “சவம் போவட்டும்” என்று வீட்டுக்கு வந்து சோறு பொங்கினார்கள்.

அவர்கள் இருவரும் போய்ச் சேர்ந்தபின், நிலம் இப்போது என் பேரிலும் சித்தி மகள் பேரிலும் இருக்கிறது. ஆறு வழக்கம்போல ஒரு பக்கம் தின்கிறது, ஒரு பக்கம் துப்புகிறது. என் மகனும் அவள் மகனும் சேர்ந்து ஒரு யோசனையோடு வந்தார்கள். அதை மனை போட்டு விற்கலாமாம், ஆற்றைப் பார்த்த வீடென்றால் சென்னையிலிருந்து ஆள் வருமாம். தண்ணீர் வருகிற இடமடா என்றேன். “அதெல்லாம் ஒங்க காலத்துலம்மா. கல் கட்டித் தடுத்திரலாம்” என்றான் என் மகன். சிரித்துக்கொண்டே சொன்னான். அப்படியே என் அப்பாவின் சிரிப்பு.

நானும் சித்தி மகள் தங்கச்சியும் கையெழுத்துப் போட மாட்டோம் என்று சொல்லிவிட்டோம். அவள் மகன் கோபித்துக்கொண்டு மதுரைக்குப் போய்விட்டான். என் மகன் இங்கேதான் இருக்கிறான், என்னோடு பேசுவதில்லை. சாப்பிடுகிற நேரத்துக்கு வந்து தட்டை மட்டும் நீட்டுகிறான். நானும் பேசாமல் சோறு போடுகிறேன்.